கருவியாக நடித்த கணினி: ஒரு யூஎஸ்பி கேபிளின் வரலாறு

குமராட்சி மாதிரி ஒரு ஊரில், ஒரு கல்லூரி மாணவர் கையில் புது ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டுக்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. எல்லாம் வாங்கப் போனால் போர்டு விலையைத் தாண்டிவிடும். கூட இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு யூஎஸ்பி கேபிள். அவ்வளவுதான். இன்றைக்கு அது போதும். ஆனால் அது போதும் என்று ஆனதே ஒரு நீண்ட கதை.

முதலில் சீரியல் போர்ட்டைப் பார்ப்போம். ஆர்எஸ்-232 என்கிற தரம் 1960இல் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் தப்பினால் திரையில் குப்பை எழுத்துதான் வரும். அந்த கேபிள் போர்டை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் தராது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். ஒரு நல்ல குணம் என்னவென்றால், அதில் பெரியவர் சின்னவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

1996 ஜனவரியில் வந்த யூஎஸ்பி இந்தச் சமத்துவத்தைத் தூக்கிப் போட்டது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பாக், டிஇசி, என்இசி, நார்டெல் என்று 7 நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை இது. இன்டெல் பக்கத்தில் முன்னின்றவர் பரோடா பல்கலைக்கழகத்தில் படித்த அஜய் பட். அச்சுப்பொறிக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று இருந்த நிலையை மாற்றி எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்பதுதான் நோக்கம்.

அதற்குக் கொடுத்த விலை என்ன? ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் கருவி. ஹோஸ்ட் கேட்டால்தான் கருவி பேசலாம். செருகியதும் கருவி ஒரு கம்பியை மின்தடை வழியாக மேலே இழுத்து 'நான் வந்துட்டேன்' என்று காட்டும். ஹோஸ்ட் அதை ரீசெட் செய்து, 'நீ யாரு, என்ன வகை?' என்று விசாரித்து, 1 முதல் 127 வரை ஒரு எண்ணை முகவரியாகக் கொடுக்கும். பிறகுதான் பொருத்தமான டிரைவரைத் தேடும். கேபிளின் ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை சதுரமாகவும் இருந்ததற்குக் காரணமும் இதுதான். இரண்டு ஹோஸ்ட்டுகளை யாரும் தவறுதலாக இணைத்துவிடக் கூடாது.

இங்கேதான் சிக்கல். ஒற்றைப் பலகைக் கணினி என்பதும் முழுக் கணினிதானே? அதுவும் தன்னை ஹோஸ்ட் என்றுதான் நினைக்கும். அதை இன்னொரு கணினியோடு யூஎஸ்பியில் சேர்க்க வேண்டுமானால், இரண்டில் ஒன்று இறங்கிவந்து கருவி வேடம் போட வேண்டும்.

கையடக்கக் கணினிகளுக்கு இந்த வேடம் முதலில் தேவைப்பட்டது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்து ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001இல் வெளிக்கொண்டு வந்த சிம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடியது. அதன் ஸ்ட்ராங்ஆர்ம் சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி கருவிப் பக்கத்துக்கான பகுதி இருந்தது. சுமார் 9,000 ரூபாய்க்குக் கிராமத்துக்கு ஒரு கணினி என்ற அந்தக் கனவு சந்தையில் நிற்கவில்லை. 2003 வாக்கில் டேவிட் பிரவுனெல் என்ற நிரலாளரின் உழைப்பில் லினக்ஸ் கெர்னலுக்குள் 'காட்ஜெட்' என்ற அமைப்பு வந்தது. லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று பென் டிரைவ் மாதிரியோ, சீரியல் போர்ட் மாதிரியோ, நெட்வொர்க் கார்டு மாதிரியோ நடிக்க அது வழி செய்தது.

இந்த நடிப்பை ஆரம்பநிலை மாணவருக்குப் பயன்படும்படி செய்தது பீகிள்போன். 2011 அக்டோபரில் 89 டாலர் விலையில் வந்தது. கேபிளைச் செருகினால் மடிக்கணினியில் ஒரு டிரைவ் தோன்றும். அதற்குள்ளேயே விளக்கப் பக்கமும் டிரைவர்களும் இருக்கும். டிரைவரை நிறுவிவிட்டு உலாவியில் 192.168.7.2 என்று அடித்தால் போர்டே பதில் சொல்லும். மடிக்கணினிக்கு 192.168.7.1. இணையமும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம். கேபிளுக்குள்ளேயே இருவர் மட்டும் உள்ள ஒரு நெட்வொர்க்!

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. அடுத்த மாதம் பீகிள்போன். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு பல மணி நேரம் நீண்டது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். பீகிள்போன் அதற்குள் அடங்கிவிடும். அடாப்டரில் 720 மெகாஹெர்ட்ஸில் ஓடும் போர்டு, யூஎஸ்பி மின்சாரத்தில் 500க்கு இறங்கிக்கொள்ளும். மடிக்கணினியின் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை போர்டுக்கும் உயிர் இருக்கும். கரண்ட் போனாலும் படிப்பு நிற்காது. சீரியல் காலத்தில் இது நடந்திருக்காது.

ஆனால் 89 டாலர் அன்றைய கணக்கில் 4,000 ரூபாய்க்கு மேல். மடிக்கணினி இலவசமாக வந்தது, போர்டு வரவில்லை. 2013 ஏப்ரலில் பீகிள்போன் பிளாக் 45 டாலருக்கு இறங்கியது. 2015 நவம்பரில் ராஸ்பெரி பை ஜீரோ 5 டாலருக்கு வந்தது. முதல் ராஸ்பெரி பையில் மைக்ரோ யூஎஸ்பி துளை மின்சாரத்துக்கு மட்டும்தான். ஜீரோவில் மெமரி கார்டில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் அதுவும் கருவி வேடம் போடும்.

சென்னையிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸர் 2018இல் சிலிக்கானாக வந்தது. 2020இல் மௌசிக் என்ற சிப். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு சுதேசி மைக்ரோப்ராசஸர் போட்டியை அறிவித்து, சக்தியையும் வேகாவையும் மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. சக்தியைப் பழக ஆர்ட்டி என்ற எஃப்பிஜிஏ போர்டைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் யூஎஸ்பியில்தான் செருக வேண்டும். போர்டில் இருக்கும் ஒரு எஃப்டிடிஐ சிப் அந்த யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தருகிறது. டெர்மினலைத் திறந்து, வேகம் 19200 என்று நாமேதான் சொல்ல வேண்டும். தப்பினால் அதே குப்பை எழுத்து!

அதாவது 1960இன் சீரியல் போகவில்லை, யூஎஸ்பிக்குள் குடியேறிவிட்டது. புது போர்டைச் செருகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் பார்க்க வேண்டியவையும் இந்த வரலாற்றிலேயே இருக்கின்றன. கேபிளில் டேட்டா கம்பி இருக்கிறதா, சார்ஜுக்கு மட்டுமான கேபிளா? போர்டு கருவி வேடத்துக்கு வந்துவிட்டதா? ஹோஸ்ட்டில் டிரைவர் இருக்கிறதா? லினக்ஸ் என்றால் சீரியல் துளையைத் திறக்க அனுமதி இருக்கிறதா?

விலை இறங்கியது, கேபிள் எளிதானது. இருந்தாலும் யூஎஸ்பியின் அந்தப் பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. பேச்சைத் தொடங்க ஒரு ஹோஸ்ட் வேண்டும். விலை குறைந்த போர்டு யார் கைக்கும் எட்டலாம். அதற்கு எதிர்முனையில் ஒரு மடிக்கணினி இருக்கிறதா என்பதே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னமும் முதல் கேள்வி.