சர்வர் இல்லாத தரவுத்தளம் - எஸ்கியூலைட் வளர்ந்த கதை

தரவுத்தளம் என்றதும் நம் பாடப்புத்தகங்கள் உடனே ஒரு படம் போட்டுவிடும். நடுவில் ஒரு பெரிய சர்வர், சுற்றிலும் அதைக் கேள்வி கேட்கும் சின்னச் சின்னக் கணினிகள். ஆரக்கிள், இன்ஃபார்மிக்ஸ், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாமே இந்தப் படத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இன்று உலகில் மிக அதிக இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் இந்தப் படத்தில் இல்லவே இல்லை! அதற்கு சர்வர் கிடையாது, நிர்வாகி கிடையாது, கடவுச்சொல்கூடக் கிடையாது. அது நம் நிரலுக்குள்ளேயே ஒரு நூலகமாகக் குடியிருக்கும்; தரவு முழுவதும் வட்டில் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். அதுதான் எஸ்கியூலைட்.

இது பிறந்த இடம் ஒரு போர்க்கப்பல் என்றால் நம்புவீர்களா?

2000-ஆம் ஆண்டு. அமெரிக்கர் டி. ரிச்சர்ட் ஹிப், ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்துக்காக அமெரிக்கக் கடற்படையின் ஒப்பந்த வேலை ஒன்றில் இருந்தார். ஏவுகணை தாங்கிய யுஎஸ்எஸ் ஆஸ்கர் ஆஸ்டின் என்ற நாசகாரிக் கப்பலுக்கான மென்பொருள் அது. கப்பலில் அடிபட்டு ஒரு குழாய் உடைந்தால் எந்த வால்வை மூட வேண்டும், எதைத் திறந்து தண்ணீரை வேறு வழியாகத் திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. குழாய்களைப் பற்றிய விவரங்கள் இன்ஃபார்மிக்ஸ் தரவுத்தளத்தில் இருந்தன. இயங்குதளம் எச்பி-யுஎக்ஸ்.

சிக்கல் எங்கே வந்தது? எப்போதாவது இன்ஃபார்மிக்ஸ் சர்வர் படுத்துவிடும். உடனே ஹிப் எழுதிய நிரல், தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று திரையில் ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். தப்பு சர்வருடையது, ஆனால் கெட்ட பெயர் திரையில் தெரியும் நிரலுக்கு. அடிபட்ட கப்பலில் நிற்கும் மாலுமிக்கு, தப்பு யாருடையது என்பதா முக்கியம்? ஹிப்புக்குத் தோன்றிய கேள்வி மிக எளிமையானது: நமக்கு இங்கே சர்வர் எதற்கு? இருப்பது ஒரே இயந்திரம், ஒரே நிரல். தரவை நேராக வட்டிலிருந்து படித்தால் என்ன?

அந்த வருடம் ஆகஸ்டில் எஸ்கியூலைட்டின் முதல் பதிப்பு வெளிவந்தது. டிக்கிள் மொழிக்கான ஒரு இணைப்பாகத்தான் அது தொடங்கியது. (பெயரை 'லைட்' என்று பிரித்து எல்லோரும் சொல்கிறோம். ஹிப் சொல்வது 'எஸ்-கியூ-எல்-ஐட்', ஒரு கனிமத்தின் பெயர் மாதிரி!)

முதல் பதிப்பு தரவைச் சேமிக்க ஜிடிபிஎம் என்ற பழைய நூலகத்தை நம்பியிருந்தது. அதில் பரிவர்த்தனை வசதி இல்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பாதி எழுதியதுதான் மிச்சம். 2001 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் ஹிப் தானே ஒரு பி-மரம் எழுதிச் சேர்த்தார். பரிவர்த்தனையும் வந்தது, இன்னொருவர் நூலகத்தை நம்பும் நிலையும் போனது. நிரல் முழுவதையும் பொதுவுடைமையாக அறிவித்துவிட்டார். கட்டற்ற மென்பொருள் உலகில் எல்லோரும் உரிமங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், உரிமமே வேண்டாம் என்றது துணிச்சல்தான்.

2004-இல் மூன்றாம் பதிப்பு. இதற்கு ஏஓஎல் நிறுவனத்தின் ஆதரவும் கிடைத்தது. கோப்பின் வடிவமே மாறியது. யுடிஎஃப்-16 எழுத்துகளும் படம் போன்ற இருமத் தரவுகளும் சேர்ந்தன. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான இன்னொன்றும் வந்தது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதை, பயன்படுத்தும் நிரலரே எழுதிக் கொடுக்கலாம்.

இது ஏன் முக்கியம்? எஸ்கியூலைட்டிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது சொற்களை யுனிகோட் எண்களின் வரிசையில் அடுக்கும். யுனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின்படி இல்லை. ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற, அப்புறம் ல, ள, ழ, கடைசியில் வ. அதனால் பறவை, பலகை, பள்ளி, பழம், பவளம் என்று பட்டியல் வரும். அகராதியில் தேடுகிறவன் எதிர்பார்ப்பதோ பலகை, பவளம், பழம், பள்ளி, பறவை. கடைசியில் வரவேண்டிய பறவை முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது! 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்று பதில் வரும். மிகரத்தின் மேல்விலங்கையும் ழகரத்தின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.

இதைக் குறை என்று சொல்ல முடியுமா? உலகில் உள்ள எல்லா மொழிகளின் வரிசையையும் உள்ளே திணித்தால் அந்த நூலகம் பல மடங்கு பெருத்துவிடும். ஒரு சின்னக் கருவிக்குள் அடங்க வேண்டிய பொருள் அது. அதனால் ஹிப்பின் குழு எடுத்த முடிவு: அடிப்படையை மட்டும் நாங்கள் தருகிறோம், உனக்கு வேண்டியதை நீயே பொருத்திக்கொள். புதிய சார்பு வேண்டுமா, சி மொழியில் எழுதிப் பதிவு செய். புதிய வரிசைமுறை வேண்டுமா, அதையும் எழுதிப் பதிவு செய். எல்லாம் ஒரே நிரலுக்குள் இருப்பதால் இது எளிது. சர்வர் வைத்த தரவுத்தளத்தில் என்றால் நிர்வாகியின் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

2006-இல் இந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. தனிக்கோப்பாக எழுதிய நீட்சிகளை ஓடும்போதே ஏற்றும் வசதி வந்தது. ஆகஸ்டில் மெய்நிகர் அட்டவணைகள். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண அட்டவணை மாதிரியே இருக்கும், செலக்ட் போட்டுக் கேட்கலாம். ஆனால் உள்ளே தரவு எங்கே இருக்கிறது என்பது அதை எழுதியவரின் விருப்பம். காற்புள்ளி வைத்துப் பிரித்த ஒரு உரைக்கோப்பைக்கூட அட்டவணையாக நடிக்க வைக்கலாம்.

இந்த வசதியை வைத்து முதலில் கட்டிய பெரிய கட்டடம் முழு உரைத் தேடல். கூகிளில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தது. ஆனால் முதல் இரண்டு பதிப்புகளிலும் ஒரு மோசமான ஓட்டை இருந்தது. தேடல் அட்டவணை ஒவ்வொரு ஆவணத்தையும் அதன் வரிசை எண்ணை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தது. கோப்பைச் சுருக்க 'வேக்யூம்' கட்டளை கொடுத்தால் எஸ்கியூலைட் அந்த எண்களை மாற்றிப் போடக்கூடும். நூலகத்தில் புத்தகங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் பழைய அட்டையை வைத்துத் தேடுவது போலத்தான். 2007-இல் மூன்றாம் தேடல் பதிப்பை எழுதித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

தமிழ் இங்கேயும் மாட்டிக்கொண்டது. தேடலுக்கு முன் உரையைச் சொற்களாக வெட்ட வேண்டும் அல்லவா? பழைய வெட்டும் முறை ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. அதனால் தமிழ்ச் சொல் முழுதாகத் தப்பித்தது. 2012-இல் யுனிகோட் இலக்கணம் தெரிந்த புதிய முறை வந்தது. 2015-இல் வந்த ஐந்தாம் தேடல் பதிப்பில் அதுவே இயல்பானது. அது எழுத்து, எண் என்ற வகைகளை மட்டும் சொல்லின் பகுதி என்று கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யுனிகோட் கணக்கில் 'குறி' என்ற வேறு வகை. ஆகவே அந்த இடங்களில் எல்லாம் கத்தி விழுகிறது. காலை என்ற சொல் க, ல என்று இரண்டு துண்டாகிறது. கூலியும் அப்படியே. கேலியும் அப்படியே. 'காலை' என்று தேடினால் 'கொலை'யும் சேர்ந்து வந்து நிற்கும்! படிப்பறிவு இல்லாதது சரியாகச் செய்ததைப் படித்தது கெடுத்துவிட்டது. நல்ல வேளை, குறிகளையும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று அட்டவணை உருவாக்கும்போது ஒரு வரியில் சொல்ல வழி இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. தெரியாமல் செயலி எழுதி வெளியிட்டால், தேடல் ஏன் இப்படிக் கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று பயன்படுத்துகிறவர்கள் திட்டுவார்கள்.

திட்டுவது என்றதும் ஒரு வேடிக்கை. 2006 வாக்கில் மெக்காஃபி வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தியது. அது விண்டோஸின் தற்காலிகக் கோப்புறையில் 'எஸ்கியூலைட்' என்று பெயர் தொடங்கும் கோப்புகளைப் போட்டது. இது என்ன கோப்பு என்று எரிச்சலடைந்த ஆட்கள் கூகிளில் தேடி, ஹிப் குழுவின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் எழுப்பித் திட்டினார்கள். குழு என்ன செய்தது தெரியுமா? கோப்பின் பெயரில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து முன்னாக எழுதிவிட்டது! காரணத்தையும் மூல நிரலிலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

2007 ஐபோன், 2008 ஆண்ட்ராய்டு இரண்டிலும் எஸ்கியூலைட் உள்ளே போனது. ஃபயர்பாக்ஸ் 3 வந்ததும் 2008-இல்தான். அதன் புத்தகக்குறிகளும் வரலாறும் எஸ்கியூலைட் கோப்பில் இருந்தன. எழுதியது வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் எஸ்கியூலைட் கேட்கும். அக்கால லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறையோ, அப்படி ஒரு கோப்பைக் கேட்டால் காத்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து எழுதும். விளைவு, பின்னணியில் வேறு பெரிய வேலை ஓடினால் உலாவி விறைத்து நின்றது. 2010 ஜூலையில் மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதும் முறை வந்தது. ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்ற விதி இன்றும் மாறவில்லை.

நீட்சிகளின் இன்னொரு முகம் 2018 டிசம்பரில் தெரிந்தது. சீனாவின் டென்சென்ட் நிறுவனப் பாதுகாப்புக் குழு, முழு உரைத் தேடலின் மூன்றாம் பதிப்பில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து 'மெஜெல்லன்' என்று பெயர் வைத்தது. தேடல் தன் உள்விவரங்களைச் சாதாரண அட்டவணைகளில்தான் வைத்திருக்கிறது. வெளியார் அவற்றில் வேண்டுமென்றே குப்பையை எழுதினால் நினைவகமே குழம்பும். ஒரு நிரல் தன் சொந்தக் கோப்பைக் கெடுத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று அதுவரை விட்டிருந்தார்கள். ஆனால் குரோம் உலாவி, எந்த வலைப்பக்கமும் எஸ்கியூஎல் கட்டளை அனுப்பும்படி வெப் எஸ்கியூஎல் என்ற வசதியைத் திறந்து வைத்திருந்தது. வீட்டுக்காரருக்காக வைத்த கதவு தெருவுக்குத் திறந்திருந்தது. அந்த அட்டவணைகளில் வெளியார் எழுதாமல் பூட்டும் ஒரு தற்காப்பு நிலையை அந்த மாதமே எஸ்கியூலைட் சேர்த்தது. நீட்சிகளை ஏற்றும் வசதியும், நிரலர் கேட்டுத் திறந்தால் ஒழிய மூடியே இருக்கும்.

இவ்வளவு திறந்த மனது கொண்டவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். யார் வேண்டுமானாலும் எஸ்கியூலைட்டை எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் உங்கள் திருத்தத்தை மூல நிரலில் சேர்க்கச் சொன்னால் பொதுவாக முடியாது. நிரல் முழுவதும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும், வேறு எவருடைய பதிப்புரிமையும் கலந்துவிடக் கூடாது என்பது காரணம். மையத்தை ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் ஆட்கள்தான் பார்க்கிறார்கள். 2023-இல் அவர்கள் சொன்ன கணக்குப்படி, நூலகத்தின் அளவைப்போல் சுமார் 590 மடங்கு சோதனை நிரல் இருந்தது. கோப்பின் வடிவத்தை 2050 வரை ஆதரிப்பதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இது பிடிக்காதவர்களும் உண்டு. உள்ளே கைவைத்து மாற்ற விரும்பிய சிலர் 2022-இல் நிரலைப் பிரதி எடுத்து, எல்லோருடைய பங்களிப்பையும் ஏற்போம் என்று சொல்லி 'லிப்எஸ்கியூஎல்' என்ற தனிக்கிளையைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் விரும்பியவற்றில் ஒன்று, தரவுத்தளத்தைப் பல இயந்திரங்களில் பரப்பி வைப்பது. அதற்காக அவர்கள் எழுதிச் சேர்த்தது என்ன தெரியுமா? ஒரு சர்வர்!