மெல்போர்னில் வீழ்ந்த முதல்நிலை

1989 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்று. மாட்ஸ் விலாண்டர் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், நடப்புச் சாம்பியன். முந்தைய ஆண்டின் நான்கு பெரும் பட்டங்களில் மூன்று அவருடையவை. அவரை நேர் செட்களில் வெளியேற்றினார் நம் ரமேஷ் கிருஷ்ணன்.

அதற்கு முன் பத்தாண்டுகளாக எங்கள் தெருவில் ஒரே வாதம். 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஜூனியர் பட்டங்கள் இரண்டையும் வென்ற பையன் எதுவரை போவான்? "சர்வீஸில் வேகமே இல்லையே" என்பார் அண்ணன். உண்மைதான். அந்த சர்வீஸை யாரும் அடித்துத் திருப்பலாம். ஆனால் அதற்குப் பிறகு? பந்து மேலெழும்போதே, வீச்சைச் சுருக்கி, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி மூலைக்குத் தள்ளுவார். அவருடைய அப்பா, டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனிடமிருந்து வந்த கை அது. அடித்தளக் கோட்டில் நின்று பொறுமையாக ஆடியே எதிராளியைக் களைக்கும் விலாண்டருக்கு அன்று மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை.

ரமேஷின் உச்சத் தரவரிசை 23. கிராண்ட்ஸ்லாமில் மூன்று முறை கால் இறுதி. எண்களை வைத்து அவரை அளப்பவர்களோடு நான் இன்றும் உடன்படுவதில்லை. அந்தக் கையைப்போல இன்னொன்று இந்திய டென்னிஸுக்கு இதுவரை வாய்க்கவில்லை.