சேவகி, சகோதரி, ஆற்றுப்படுத்துநர்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு மருத்துவமனை. காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய இல்லம் அது. 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே 1937-இல்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நகரத்தின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அந்தக் கல்லூரியில் சமூகப் பணியியல் ஒரு பாடம். அதைப் படிக்கும் பெண்கள் மருத்துவமனை, காப்பகம், குடிசைப் பகுதி என்று களப்பணிக்குப் போகிறார்கள். பிறகு அவர்களில் பலர் அதே இடங்களில் வேலைக்கும் சேர்கிறார்கள்.

இந்தத் துறையின் ஆய்வுகளுக்குப் பிடித்தமான சொல் ஒன்று உண்டு: மனப்பான்மை. நோயாளியிடம் உங்களுக்குப் பரிவு இருக்கிறதா, தொற்றுக்கு அஞ்சுகிறீர்களா, பணியில் ஈடுபாடு எவ்வளவு என்று வினாநிரல் கேட்கும். ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ஒரு நாளில் எத்தனை பேரின் கதையைக் கேட்கிறீர்கள் என்பவை அரிதாகவே இடம்பெறும். பணியாளரின் மனத்தை அளக்கத் துடிக்கும் நாம், அந்த மனம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் சில பக்கங்கள் தாம்பரத்தைச் சுற்றியே எழுதப்பட்டவை.

தாம்பரத்திலிருந்து சேலையூர் வழியாகக் கொஞ்ச தூரம் போனால் மாடம்பாக்கம். தேனுபுரீசுவரர் கோயில் இருக்கும் ஊர். இன்று அது தாம்பரம் மாநகராட்சியில் அடக்கம். 1954-இல் அது கிராமம். அந்த ஆண்டு, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு, அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் அமைவதில் பங்கெடுத்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியவர்; சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினர்.

1886-இல் மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமிக்கு 11 வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கைம்மை. பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலிருந்து இளம் கைம்பெண்களைத் தங்க வைத்துப் படிக்க வைக்கும் வேலையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் அந்தப் பெண்களின் விடுதியாயிற்று. அங்கிருந்து ஆசிரியைகள் புறப்பட்டார்கள்.

அவரை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றே அழைத்தார்கள். அவர் துறவுச் சபை எதையும் சேர்ந்தவரல்ல. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டை விட்டு வெளியே வந்து ஊருக்காக உழைக்கும் பெண்ணை அந்தக் காலச் சமூகத்தால் ‘ஊழியர்’ என்று எண்ண முடியவில்லை. தங்கை, அக்காள், தாய் என்று ஓர் உறவுக்குள் அடக்கினால்தான் அவள் தெருவில் நடப்பதற்கு அனுமதி கிடைத்தது. தனக்கென்று குடும்பம் இல்லாதவள், தனக்கென்று எதுவும் கேட்காதவள் என்ற படிமம் அப்படி உருவாயிற்று. சேவை அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பின்னால் வந்த பெண்களிடம் அதே கதவு வாடகை கேட்டது.

வாடகையின் ஒரு பகுதியை அவரே செலுத்தியிருக்கிறார். அரசுப் பணியில் இருந்ததால் அவர் மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர முடியவில்லை. குழந்தைத் திருமணத்தின் கொடுமையைத் தன் உடம்பிலேயே அறிந்தவருக்கு, அதைப் பற்றி அமைப்பாகத் திரண்டு பேசுவதற்குப் பணிவிதி தடையாக நின்றது. இன்றும் அரசு நிதியில் இயங்கும் திட்டங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல: குறையை நேரில் பார்ப்பவர் அவர், அதை வெளியே சொல்லக் கூடாதவரும் அவரே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருடைய முதல் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானது. யாருக்குப் பரிவு, யாருக்கு இல்லை என்பதைத் தனிமனித நெஞ்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நன்கொடை கொடுப்பவர், விடுதிச் சமையலறை, பெண்ணை அனுப்பிவைக்கும் குடும்பம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சேவை செய்யும் பெண்ணின் மனப்பான்மை என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, அவளை வேலைக்கு வைத்த அமைப்பின் மனப்பான்மை.

அந்தக் காலத்திலேயே இந்த வேலைக்குப் படிப்பும் வந்துவிட்டது. 1936-இல் பம்பாயில் டாட்டா நிறுவனத்தாரின் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். சேவைக்கு மனம் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று அந்த நிறுவனங்கள் சொல்லின. பயிற்சி பெற்றவருக்குத் தக்க ஊதியம் வேண்டும் என்ற அடுத்த வாக்கியத்தை யாரும் அதே உறுதியோடு சொல்லவில்லை.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ‘கிராம சேவிகா’ என்ற பதவி வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அங்கன்வாடிப் பணியாளர் வந்தார். இரண்டும் காந்தி பிறந்தநாளில் தொடங்கியவை. அங்கன்வாடிப் பெண் வாங்குவது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’ என்று கோப்புகள் எழுதின. ஊதியத்துக்கு முன்னால் மதிப்பைச் சேர்த்தால் தொகை குறையும் என்பது தமிழ்ச் சொல்லாக்கம் எதிர்பாராத விளைவு. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் குடிமைப் பதவியில் இருப்பவர்கள் அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைத்த பிறகும், அரசு ஊழியராக்கு என்ற பதாகை இன்னும் சுருட்டப்படவில்லை.

வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளாததன் மிகக் கொடிய விலையைக் கொடுத்தவர் ராஜஸ்தானில் இருந்தார். பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி. 1992-இல், ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருக்கு இடப்பட்ட பணி. அதற்காகவே ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1997-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பும், 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அவரிடமிருந்து பிறந்தவை. விசாகா தீர்ப்பு அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ‘ஒரு சமூகப் பணியாளர்’ என்று மட்டும் குறிப்பிடுகிறது. நாட்டின் அலுவலகங்களுக்கெல்லாம் புகார்க் குழு கிடைத்ததற்குக் காரணமான பெண்ணுக்கு அலுவலகம் என்று ஒன்று இருக்கவில்லை. கிராமத்துத் தெருவே அவருடைய பணியிடம்.

சுப்பலட்சுமி எதிர்த்த அதே குழந்தைத் திருமணம்தான். ஒருவருக்குப் பணிவிதி தடை. இன்னொருவருக்குப் பணியே ஆபத்து. இருவருக்கும் இடையே எண்பது ஆண்டுகள்.

இனி சானடோரியத்துக்குத் திரும்புவோம். காசநோய்க்கு மருந்து வந்த பிறகு, நோயாளியை மாதக்கணக்கில் இல்லத்தில் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் குணமாகும் என்று 1959-இல் அது வெளியிட்ட முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. ஏழை நோயாளிகளுக்குப் பெரும் விடுதலை அது. கூடவே இரண்டு பெண்களின் உழைப்பு அதில் சேர்ந்தது. ஒருத்தி, வீட்டில் நோயாளிக்குக் கஞ்சி வைத்து, மாத்திரையை நினைவூட்டும் மனைவி அல்லது தாய். மற்றொருத்தி, வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர். சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணிப் பார்ப்பதும் அந்தச் சிகிச்சை முறையின் அங்கம். ஆறுதல் சொல்லப் போகிறவரே வேவு பார்க்கவும் வேண்டும். இந்த இரட்டை வேடம் சமூகப் பணியின் எலும்பிலேயே இருக்கிறது.

எச்.ஐ.வி. வந்தபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். ஆறில் எச்.ஐ.வி. இருந்தது, இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டவை அவை. மாதிரி கொடுத்த பெண்கள் மயிலாப்பூரில் அரசின் விஜிலென்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். பாலியல் தொழிலிலிருந்து மீட்டுச் சீர்திருத்துவதற்கென்று இருந்த இல்லம் அது. தொற்று இருக்கிறது என்பதற்காகவே சில பெண்கள் அங்கிருந்து வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே, 1990-இல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அந்த இல்லத்தில் பூட்டும் சாவியும் வைத்திருந்தவர்களிடம் மனப்பான்மை வினாநிரலைக் கொடுத்திருந்தால் பரிவு என்ற கட்டத்தில் நிறைய மதிப்பெண் வந்திருக்கலாம். பூட்டு அப்படியே இருந்திருக்கும்.

1993-இல் தாம்பரம் சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையோடு ஓர் அறை வந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆற்றுப்படுத்துநர்.

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சொல்லைக் கடந்து போக முடியாது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வருபவருக்கு வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி காட்டுவது அதன் இலக்கணம். வழி காட்டுபவர் முதலில் தான் பெற்றிருக்க வேண்டும். நம்பிக்கை மையத்தின் ஆற்றுப்படுத்துநர் தொகுப்பூதியத்தில், புதுப்பிக்கப்பட வேண்டிய ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். தான் பெறாத உறுதியை அவர் பிறருக்கு அளிக்கிறார்.

அந்த அறையில் என்ன நடக்கிறது? கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கே குடும்பத்தில் முதலில் சோதனை நடக்கிறது. அதனால் நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் முதலில் அவளுக்கே. அவளிடம் முடிவைச் சொல்ல வேண்டும். கணவனை அழைத்துவரச் சொல்ல வேண்டும். மாமியார் கேட்டால் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து ரகசியம் காப்பதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது, அது சரியானதே. அதே சட்டம் பணியாளரின் பாதுகாப்பையும் பேசுகிறது. ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து உண்ண வழி இருக்கிறது. நாள் முழுக்கக் கேட்ட கதைகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அவற்றை வீட்டில் சொல்லவும் முடியாது. மாலை ரயிலில் கூட வருபவர் ‘என்ன, இன்றைக்குச் சோர்ந்திருக்கிறாய்’ என்று கேட்டால், தலைவலி என்று சொல்லலாம்.

1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் தன்னோடு உழைத்த தொண்டர்களைப் பார்த்து, அவர்கள் எரிந்து தீர்ந்துபோவதைப் பற்றி எழுதினார். முதலில் சோர்வு, பிறகு எதிரில் இருப்பவரை எண்ணாகப் பார்க்கும் மரத்த மனம், பிறகு நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் என்று பின்வந்த ஆய்வுகள் இதை விரித்தன. 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றது. நோயாளியிடம் எரிந்து விழும் ஆற்றுப்படுத்துநரை மனப்பான்மை சரியில்லாதவர் என்று எழுதி, அவரையே இன்னொரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பும் அதிகாரிகள் அந்த வேறுபாட்டைப் படிக்க வேண்டும்.

2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் எச்.ஐ.வி. ஆற்றுப்படுத்துநரையும் தொழில் வல்லுநர் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சேவகி, சகோதரி, சேவிகா, தோழி என்ற நீண்ட வரிசைக்குப் பிறகு சட்டம் அவர்களைத் தொழிலின் பெயரால் அழைக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒப்பந்தத்தை நிரந்தரமாக்காது. ஆனாலும் சங்கம் வைக்கவும் ஊதியம் கேட்கவும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கிறது.

சமூகப் பணியியல் படிக்கும் மாணவியர், அடுத்த ஆய்வேட்டுக்கு வினாநிரல் தயாரிக்கும்போது பரிவைப் பற்றிய கேள்விகள் இருக்கட்டும். அவற்றுக்கு முன்னால் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சென்ற மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? உங்கள் மேலாளரிடம் இல்லை, முடியாது என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? வீடு பார்க்கப் போகும்போது கூட வர ஆள் உண்டா? உங்கள் அலுவலகத்தின் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? நீங்கள் கேட்கும் துயரங்களைக் கேட்பதற்கு, அதற்கென்று நியமிக்கப்பட்டவர் யாராவது இருக்கிறாரா? இந்தக் கேள்விகளை ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிட முடியாது. பதில் எழுத இடம் விட வேண்டும்.