அலுவலக மென்பொருள் தொகுப்பில் தனித்துறை வணிகச் செயலிகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சொற்செயலி, விரிதாள், விளக்கக்காட்சி ஆகியவற்றை ஒன்றாக இணைத்து வழங்கும் அலுவலக மென்பொருள் தொகுப்பில் கணக்குப்பதிவு போன்ற தனித்துறை வணிகச் செயலிகளையும் சேர்க்க வேண்டுமா என்னும் வினா கணினி வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. 1979 முதல் 2025 வரையிலான சில நிகழ்வுகளின் வழி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தொகுப்பு சுமக்க வேண்டியது பொதுக்கருவிகளையே. தனித்துறைச் செயலிகளுக்கு அது தர வேண்டியது திறந்த கோப்பு வடிவமும் இணைப்பு வழியுமே என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: அலுவலக மென்பொருள், விரிதாள், கணக்குப்பதிவு, டேலி, திறந்த ஆவண வடிவம்.

முன்னுரை

ஒரு வணிகருக்குக் கடிதம் எழுதவும், விலைப்பட்டியல் இடவும், வரவு செலவைப் பதியவும் கருவிகள் தேவை. முதல் இரண்டும் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே தன்மையன. மூன்றாவது அவ்வாறன்று. அது வாழும் நாட்டின் வரிச்சட்டத்தோடு கட்டுண்டது. சட்டம் மாறினால் மென்பொருளும் மாற வேண்டும். பொதுக்கருவிக்கும் தனித்துறைச் செயலிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

தொகுப்பின் தோற்றம்

1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விசிகால்க் விரிதாளே சிறுகணினியை வணிக அலுவலகத்திற்குள் கொண்டுசென்றது எனலாம். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளோடு வரைபடத்தையும் எளிய தரவுத்தளத்தையும் இணைத்தது. அதன் வெற்றியைத் தொடர்ந்து அந்நிறுவனம் 1984-இல் சொற்செயலியையும் தகவல்தொடர்பு வசதியையும் சேர்த்து சிம்பொனி என்னும் ஒருங்கிணைந்த மென்பொருளை வெளியிட்டது. ஆயினும் அது 1-2-3 பெற்ற இடத்தைப் பெறவில்லை. ஒரே நிரலுக்குள் அனைத்தையும் அடக்குவது பயனரைத் தானாக ஈர்த்துவிடாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

மைக்ரோசாப்ட் வேறு வழியைப் பின்பற்றியது. 1989-இல் மெக்கின்டாஷ் கணினிக்கும் 1990-இல் விண்டோஸுக்கும் வெளியான ஆபிஸ் தொகுப்பில் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் ஆகியன தனித்தனிச் செயலிகளாகவே இருந்தன. தனித்தனியே வாங்குவதைவிடக் குறைந்த விலையில் ஒரே பெட்டியில் வந்தன. தொகுப்பின் வலிமை விலையிலும் செயலிகளுக்கிடையே தரவைப் பகிரும் வசதியிலும் அமைந்தது.

கணக்குப்பதிவைச் சேர்க்கும் முயற்சி

1994-இல் இன்ட்யூட் நிறுவனத்தை வாங்க மைக்ரோசாப்ட் உடன்பாடு கண்டது. அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்ததால் 1995-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 2005-இல் ஸ்மால் பிசினஸ் அக்கவுன்டிங் என்னும் கணக்குப்பதிவு மென்பொருளை மைக்ரோசாப்ட் தானே வெளியிட்டு, சிறுவணிகர்க்கான ஆபிஸ் பதிப்பு ஒன்றிலும் சேர்த்தது. அதன் பின்வந்த பதிப்பு ஒன்று இலவசமாகவும் வழங்கப்பட்டது. எனினும் 2009 நவம்பரில் அதன் வினியோகம் நிறுத்தப்பட்டது. உலகின் மிகப்பெரிய தொகுப்போடு சேர்ந்தும் அது வேரூன்றவில்லை.

இதன் விளைவு பயனர் மீதே விழுந்தது. அம்மென்பொருள் கணக்குகளை எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில் சேமித்தது. கடிதக் கோப்பை வேறொரு சொற்செயலியில் திறப்பது போல அக்கணக்குகளை மற்றொரு கணக்குப்பதிவு மென்பொருளில் எளிதில் திறக்க இயலாது. இந்தியச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் இதன் கடுமை விளங்கும். 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, நிறுமங்கள் தம் கணக்கேடுகளை எட்டு ஆண்டுகள் காக்க வேண்டும் என்கிறது. மேற்குறித்த மென்பொருள் வினியோகத்தில் இருந்த காலமோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே.

தனித்து நின்ற டேலி

1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா, பரத் கோயங்கா ஆகியோர் தொடங்கிய நிறுவனத்தின் டேலி எந்த அலுவலகத் தொகுப்பிலும் அடங்காமல் வளர்ந்தது. இந்திய வரிமுறையின் மாற்றங்களைப் பின்தொடர்வதே அதன் முதன்மைப் பணியாயிற்று. மதிப்புக்கூட்டு வரி பல மாநிலங்களில் 2005 ஏப்ரலில் தொடங்க, தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி அம்முறையின் பெரும்பகுதியை நீக்கியது. மாநிலத்திற்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் விதிகளை உலகப் பொதுவான தொகுப்பொன்றின் வெளியீட்டு அட்டவணைக்குள் அடக்குவது கடினம்.

சுருங்கிய தொகுப்பு, திறந்த வடிவம்

ஸ்டார்ஆபிஸின் வரலாறு எதிர்த்திசையில் சென்று இதே பாடத்தைத் தருகிறது. மின்னஞ்சல், நாட்காட்டி, இணைய உலாவி அனைத்தையும் ஒரே சாளரத்துள் கொண்டிருந்த அத்தொகுப்பை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து உருவாகி 2002-இல் வெளிவந்த ஓபன்ஆபிஸ் 1.0 அவ்வுறுப்புகளைக் களைந்திருந்தது. அத்தொகுப்பின் கோப்பு வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட திறந்த ஆவண வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. உறுப்புகள் குறைந்தன, கோப்பின் ஆயுளும் பயன்பரப்பும் கூடின.

எதிர்வாதங்கள்

தொகுப்பில் சேர்ப்பதால் சிறுவணிகரின் செலவு குறையும் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆக்சஸ் தரவுத்தளம் ஆபிஸின் உயர்பதிப்புகளில் நிலைத்ததையும் அதற்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் ஆக்சஸ் எந்தத் துறையின் விதியையும் தன்னுள் கொண்டதன்று. தனித்துறைச் செயலிகளைப் பயனரே ஆக்கிக்கொள்ள உதவும் பொதுக்கருவி அது. ஆகவே அதன் நிலைபேறு இக்கட்டுரையின் கருத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது.

பொதுக்கருவியைச் சேர்ப்பதிலும் எல்லை உண்டு. மைக்ரோசாப்ட் டீம்ஸைத் தொகுப்போடு பிணைத்தது குறித்து ஸ்லாக் நிறுவனம் 2020-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. 2025 செப்டம்பரில் ஆணையம் ஏற்ற உறுதிமொழிகளின்படி, டீம்ஸ் இல்லாத தொகுப்பு குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். போட்டிச் செயலிகள் தொகுப்போடு இணைந்து இயங்க வழி தரப்பட வேண்டும். சேர்ப்பதை ஆணையம் முற்றாகத் தடுக்கவில்லை, தேர்வுரிமையையே வேண்டியது.

முடிவுரை

ஒரு செயலி தொகுப்பில் இடம்பெறலாமா என்பதற்கு அளவுகோல் ஒன்று இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கிறது. செயலியின் விதிகள் மென்பொருளுக்குள்ளேயே அமைவனவா, அன்றி வெளியே உள்ள சட்டத்திலிருந்து வருவனவா என்பதே அது. முன்னது தொகுப்பில் நிலைக்கும். பின்னதை அச்சட்டத்தை நாள்தோறும் பின்தொடர்வோரிடம் விடுவதே தக்கது. வணிகரின் கணக்கு, அதை எழுதிய மென்பொருளைவிட நெடுங்காலம் வாழ வேண்டியது. அதற்கு வழிவிடும் திறந்த வடிவத்தைத் தருவதே தொகுப்பின் கடமையாகும்.