சுருக்குப்பையும் டோபமைனும்

பேரணாம்பட்டில் எங்கள் தெரு ஆண்கள் தோல் தொழிற்சாலைக்குப் போவார்கள். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. என் ஆயா ஐம்பது வருடம் சுற்றினாள். அவள் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கோடு புகையிலையும் இருக்கும். மதியச் சோற்றுக்கு நேரமில்லாத நாளிலும் கன்னத்தில் புகையிலை அடங்கியிருக்கும். "இத வாயில போட்டாத்தான்டி கை ஓடும்" என்பாள். அவள் சுற்றிய பீடியை இழுத்தபடியே தாத்தா, "பொம்பளைக்கு எதுக்குடி இந்தப் பழக்கம்?" என்பார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

'கை ஓடும்' என்று ஆயா சொன்னதற்கு மூளையில் காரணம் உண்டு. அதைக் கண்டறிந்த வரலாற்றிலும் ஒரு பெண் ஓரமாக நிற்கிறார். 1957 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனை ஆய்வகத்தைச் சேர்ந்த கேத்லீன் மான்டகு, மனித மூளையில் டோபமைன் இருப்பதாக எழுதினார். அதே ஆண்டு ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் படுக்கவைத்தார். பிறகு எல்-டோபா கொடுத்து எழுப்பினார். டோபமைன் தனியே வேலை செய்யும் தூதுப்பொருள் என்று நிறுவியதற்காக 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. தகுதியான பரிசுதான். மான்டகுவின் பெயரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

டோபமைனை இன்பத்தின் ரசாயனம் என்று சொல்வது வழக்கம். 'இது வேண்டும், எழுந்து போ' என்று உந்துவதே அதன் முக்கிய வேலை என்கின்றன பிந்தைய ஆய்வுகள். ஒரு நரம்புச் செல் வெளிவிடும் டோபமைனை அதே செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அளவு அப்படித்தான் கட்டுக்குள் இருக்கிறது. கோகெய்ன் அந்த உறிஞ்சும் வழியை அடைக்கிறது. ஆம்ஃபெட்டமைன் அதே வழியைத் திருப்பிவிட்டு, உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. நிகோடின் வேறு விதம். அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ஏற்பியில் தான் உட்கார்ந்து, டோபமைன் செல்களைத் தூண்டுகிறது. பசி மங்கும், கவனம் கூடும். நாள்பட ஏற்பிகள் மரத்துப்போகும், எண்ணிக்கையிலும் பெருகும். அப்புறம் புகையிலை இல்லாவிட்டால் எரிச்சல், சோர்வு. விடியற்காலையில் போடும் முதல் துண்டு ஒருவரைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவருவதற்கே செலவாகிவிடும்.

ஆகவே இதை ஒழுக்கக்கேடு என்று சொல்வது அறியாமை. மனவுறுதி இல்லாதவள் என்பதும் பாதி உண்மைகூட இல்லை. பசியை மறந்து ஆயிரம் பீடியை முடிக்கவேண்டிய கூலிமுறைக்கு, பசியை மங்கவைக்கும் இலை வசதியாக இருந்தது. அந்த இலையே அவள் முறத்திலும் இருந்தது. நிகோடின் தோல் வழியாகவும் ஏறும். தூளாக மூச்சிலும் போகும். பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில், உடலில் நிகோடின் சிதைந்து உண்டாகும் கொட்டினைனை இந்திய ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. பீடிமேல் விதித்த தீர்வையைக் கொண்டு நடக்கும் நலநிதிக்கு 1976இல் சட்டம் வந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. நம் வீட்டுத் திண்ணைகள் இந்தச் சட்டங்களுக்குள் வந்துபோன கதையைப் பெண்கள் வரலாறாக நாம் இன்னும் எழுதவில்லை.

ஆயாவுக்கு வாய்ப்புற்று வந்தது. பழக்கம் எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டார். புகையிலை போட ஆரம்பித்த வயதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பத்து வயசுல மொறத்த மடியில வச்சாங்க" என்றாள். "அன்னியிலேர்ந்து."