காஞ்சிபுரம் பட்டின் புகழ்: ஆரணிக்கு லாபமா, நஷ்டமா?

2022 உலகக் கோப்பை கால்பந்தில் மொராக்கோ அரையிறுதிக்குப் போனதும், ஆப்பிரிக்காவே ஜெயிச்ச மாதிரி கொண்டாடினாங்க. பட்டுச்சேலையில் கதை கொஞ்சம் வேற.

புகழ் யாருக்கு?
தமிழ்நாட்டுப் பட்டு என்றாலே பலருக்கும் காஞ்சிபுரம்தான். அந்தப் பெயர் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியின் தறிகளுக்கும் வாடிக்கையாளரைக் கொண்டுவரும். ஆனா, ஆரணிச் சேலை காஞ்சிப் பட்டு என்று கைமாறினால், நெய்த ஊரின் பெயர் காணாமல் போகும்.

இரண்டும் ஒன்றா?
இல்லை. இரண்டுக்கும் தனித்தனி புவிசார் குறியீடு உண்டு.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?
சில்க் மார்க் முத்திரை, அசல் பட்டு என்பதை மட்டுமே சொல்லும், ஊரைச் சொல்லாது. எந்த ஊர் நெசவுன்னு கேளுங்க, பில்லிலும் எழுதச் சொல்லுங்க. ஊர்ப் பெயர் நிலைத்தால்தான் கூலி கேட்க நெசவாளருக்குப் பலம்.