வினாக்கொத்தில் இல்லாத கேள்வி

பெல்பாஸ்ட் நகரில் 2007 முதல் நவம்பர் மாதங்களில் 'அவுட்பர்ஸ்ட்' எண்டொரு குயர் கலைவிழா நடந்து வருகிறது. நாடகம், படம், வாசிப்பு, டிராக் எல்லாம் இருக்கும். ஆனால் கதையை 2007 இல் தொடங்கினால் பாதிதான் விளங்கும். 1976க்குப் போகவேணும்.

அந்த வருடம் ஜனவரி 21 அன்று, ஜெஃப் டட்ஜன் என்ற கப்பல் அலுவலக எழுதுவினைஞரின் வீட்டைப் பொலிஸ் சோதனையிட்டது. தேடி வந்தது போதைப்பொருள். ஆனால் அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் நாலரை மணித்தியாலம் அவருடைய பாலியல் வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களுக்கிடையிலான உறவு 1967 இலேயே குற்றமில்லை என்று ஆகிவிட்டது. வட அயர்லாந்தில் அது இன்னும் குற்றம்.

டட்ஜன் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். இதற்கிடையில் புரட்டஸ்தாந்து மதகுருவும் அரசியல்வாதியுமான இயன் பெய்ஸ்லி, சட்டத்தை மாற்றக்கூடாதென்று கையெழுத்து வேட்டை நடத்தினார். கிட்டத்தட்ட 70,000 கையெழுத்து! கத்தோலிக்க ஆயர்களும் மாற்றத்தை எதிர்த்தார்கள். ஒண்டிலயும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் இதில மட்டும் ஒத்துப்போனதைப் பாருங்கோ. 1981 ஒக்டோபரில் 15க்கு 4 என்று டட்ஜன் வென்றார். 1982 இல் சட்டம் மாறியது.

சட்டம் மாறினாலும் போர் நிற்கவில்லை. நகர மையத்தைச் சுற்றி இரும்பு வேலி, நுழைவாயிலில் பை சோதனை. எங்கட வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் விழா எங்களுக்கு முக்கியமாகப்படுகிறது. 2019 இல் அங்கு கபோஷ் நாடகக் குழு ஒரு நாடகம் போட்டது. 1983 இல் ஒருபால் ஈர்ப்புள்ள மாணவர்களின் மாநாடு ஒன்று பெல்பாஸ்ட்டில் நடந்தது. வந்தவர்கள் ஓரிரவு மேற்கு பெல்பாஸ்ட்டின் டர்ஃப் லொட்ஜ் பகுதியிலிருந்த ஒரு சமூகக் கழகத்துக்குப் போய், ஊர்ச் சனத்தோடு அயர்லாந்தின் கேலி நடனம் ஆடினார்கள். டர்ஃப் லொட்ஜ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடியிருப்பு. குண்டும் உண்ணாவிரதமும் நிரம்பிய அந்தக் காலத்து வரலாற்றில் அந்த இரவுக்கு ஆர் இடம் கொடுப்பினம்? 36 வருடம் கழித்து ஒரு மேடை கொடுத்தது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் பிரித்தானியர் தந்ததுதான். அதன் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995 இல் திருத்தும்போது நீக்காமல், பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பாராளுமன்றம் இன்னும் அசையவில்லை.

போன வருடம் ஒரு பாடத்துக்காக நாங்கள் போர்க்கால வாய்மொழி வரலாறு சேகரித்தோம். ஷெல், இடம்பெயர்வு, முகாம், பங்கீட்டு அட்டை என்று கேட்டுக்கேட்டு எழுதினோம். ஒரு அம்மா, தானும் தன்ர சிநேகிதியும் பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்ததாகச் சொல்லத் தொடங்கினா. நாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். வினாக்கொத்தில் அதற்கு இடம் விடவில்லை.